ஆர்.கே.புரம் வீடுகளும் மார்க்கர் கறையும்

ஏப்ரல் பாதி ஆனதும் டெல்லி ஆர்.கே.புரத்தில் அட்டைப்பெட்டிகள் மாடிப்படி இறங்கத் தொடங்கிவிடும். மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு இது. பிள்ளைகளின் பரீட்சை முடிந்த கையோடு யாருக்காவது மாற்றல் உத்தரவு வந்திருக்கும். ஒரு குடும்பம் சென்னைக்குக் கிளம்பும். இன்னொரு குடும்பம் டைப் டூ குவார்ட்டர்ஸிலிருந்து டைப் த்ரீக்கு, பக்கத்து செக்டாருக்கே பெயரும். எங்கே போனாலும் பெட்டிகளின் மேல் எழுதியாக வேண்டும். "சமையல் – கண்ணாடி", "கொலு பொம்மை – மேல்படி", "புத்தகம் – கனம்" என்று கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதுவோம். மூட்டை கட்டுகிற அமளியில் மார்க்கருக்கு மூடி போட யாருக்கும் நினைவிருக்காது. பெட்டி லாரி ஏறிய பிறகு பார்த்தால் மொசைக் தரையில் ஒரு நீளக் கோடு, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கிறுக்கல், கூடத்துச் சுவரில் மூன்று வயதுக் குழந்தை வரைந்த யானை.

"மாமி, நாளைக்கு வீட்டை ஹேண்டோவர் பண்ணணும். இந்தச் சுவரைப் பாருங்களேன். எதைப் போட்டுத் தேய்க்கட்டும்?" என்று கீழ்வீட்டுப் பெண் வந்து நிற்பாள். கையில் ஸ்டீல் நார் தயாராக இருக்கும்.

"முதல்ல அந்த நாரைக் கீழே வைம்மா. சுவர் டிஸ்டெம்பரா, பெயிண்டான்னு தொட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பேன்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதும் அதுதான். மார்க்கர் கறைக்கு என்ன மருந்து என்று கேட்பதற்கு முன்னால், அது எதன் மேல் பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எவர்சில்வர் டப்பாவில் ஒரு நிமிடத்தில் போய்விடுகிற அதே மை, சுண்ணாம்புச் சுவரில் எந்தத் திரவத்துக்கும் மசியாது. ஒரே சாமானை எல்லாவற்றின் மேலும் ஊற்றுவதால்தான் கறையோடு சேர்ந்து பீரோவின் பெயிண்டும் மேஜையின் பாலிஷும் தரையின் பளபளப்பும் போகின்றன. கறையால் கெட்ட வீட்டைவிட, கறை எடுக்கப் போய்க் கெட்ட வீட்டையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மைக்குள் என்ன இருக்கிறது

நிறம் தருகிற சாயம், அதை ஒட்டவைக்கிற பிசின், இரண்டையும் கரைத்து வைத்திருக்கிற கரைப்பான். மார்க்கர் மையில் அடிப்படையாக இருப்பவை இந்த மூன்றும்தான். எழுதிய சில நொடிகளில் கரைப்பான் ஆவியாகிவிடும். மிஞ்சுகிற பிசின் சாயத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே காய்ந்து ஒட்டிவிடும். அந்தப் பிசின் தண்ணீரில் கரையாது. சோப்புத் தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் கோடு அசையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சிட்னி ரோசென்தால் கொண்டுவந்த மேஜிக் மார்க்கரும், 1964இல் அங்கே வந்த ஷார்பியும்தான் இந்த வகைப் பேனாக்களை உலகமெங்கும் பரப்பின. நம் வீடுகளுக்கு கேம்லினும் லக்ஸரும் கொண்டுவந்தன. பழைய மார்க்கர்களில் சைலீன், டொலுவீன் போன்ற கடுமையான கரைப்பான்கள் இருந்தன. மூடியைத் திறந்தாலே தலை சுற்றும். இப்போது வீட்டிலும் பள்ளியிலும் புழங்குகிறவற்றில் பெரும்பாலும் ஆல்கஹால் வகைக் கரைப்பான்கள். இது நமக்கு நல்ல செய்தி. ஆல்கஹாலில் கரைத்துச் செய்த மை, காய்ந்த பிறகும் ஆல்கஹால் பட்டால் மறுபடி இளகும். கறை எடுக்கும் வித்தைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்தை நம்பியே இருக்கின்றன.

ஒயிட்போர்டில் தவறிப்போய் மார்க்கரால் எழுதிவிட்டால், அதன் மேலேயே ஒயிட்போர்டு பேனாவால் எழுதி உடனே துடைக்கச் சொல்வார்கள். புதிய பேனாவின் கரைப்பான் பழைய மையை இளக்கிவிடும்; ஒயிட்போர்டு மையில் உள்ள வழுக்குப் பொருள் இரண்டையும் சேர்த்து மேலே தூக்கிவிடும். போர்டு வழவழப்பானது, மை உள்ளே இறங்க அங்கே துளை கிடையாது. அதனால்தான் இது அங்கே பலிக்கிறது.

எந்தக் கரைப்பானுக்கும் மசியாத மை ஒன்றும் உண்டு. அதுவும் டெல்லியில் பிறந்ததுதான். தேர்தலில் விரலில் வைக்கும் மையை உருவாக்கியது பூசாவில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த நிறுவனம் அது. 1962 பொதுத்தேர்தலிலிருந்து அந்த மை புழக்கத்தில் இருக்கிறது. அதைத் தயாரிப்பது 1937இல் மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கிய மைசூர் பெயிண்ட்ஸ் நிறுவனம். அந்த மையில் உள்ள சில்வர் நைட்ரேட், தோலில் உள்ள உப்போடு சேர்ந்து வேறொரு பொருளாகவே மாறி, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடுகிறது. தோலின் மேல்செல்கள் உதிர்ந்து நகம் வளர்ந்தால்தான் அது போகும். மார்க்கர் மை அப்படி எதனோடும் வேதியியலாகச் சேர்வதில்லை. மேலே ஒட்டியிருக்கிறது, அல்லது துளைகளுக்குள் இறங்கியிருக்கிறது. ஒட்டியிருந்தால் கரைத்து எடுக்கலாம். இறங்கியிருந்தால் உறிஞ்சி எடுக்கப் பார்க்கலாம். இரண்டில் எது என்று சொல்வது மை பட்ட பொருள்தான்.

என்னென்ன வேண்டும்

சாதுவானதில் தொடங்கிக் கடுமையானதில் முடிகிற வரிசையில் சொல்கிறேன். வேலை செய்யும்போதும் இதே வரிசையில் போவது நல்லது.

முதலில் சோப்புத் தண்ணீர். மேலே இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கையாவது எடுக்கும். அடுத்தது கொரோனாக் காலத்திலிருந்து எல்லோர் வீட்டிலும் மூலையில் கிடக்கும் சானிடைசர். அதில் பொதுவாக 70 சதவீதம் ஆல்கஹால். ஜெல் வகையாக இருந்தால் நின்ற பரப்பில் வழியாமல் கொஞ்ச நேரம் தங்கும், அதனால் பீரோ கதவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் மிகவும் தோதானது. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுக்கும். மருந்துக்கடையில் கேட்டால் சர்ஜிகல் ஸ்பிரிட் கிடைக்கும். அதுவும் ஆல்கஹால்தான்.

மூன்றாவது, நீலகிரித் தைலம். டெல்லிக் குளிரில் சளிக்கு ஆவி பிடிக்க ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருப்போமே, அதேதான். மையையும் ஸ்டிக்கர் பசையையும் நன்றாக இளக்கும். ஆல்கஹாலைவிட மெதுவாகத்தான் ஆவியாகும் என்பதால் வேலை செய்யவும் நேரம் கிடைக்கும்.

நான்காவது, டர்பண்டைன். பக்கத்து முனிர்க்காவிலோ முகமதுபூரிலோ ஹார்டுவேர் கடைக்காரரிடம் "தார்பீன் கா தேல்" என்று கேட்டால் எடுத்துத் தருவார். கடைசியாக அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரும் பெயிண்ட் தின்னரும். இவை மையைக் கரைக்கும் வேகத்திலேயே பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். தொழிற்சாலைகளில் இரும்பிலும் டயரிலும் எழுதுகிற பெயிண்ட் மார்க்கரின் கறை ஆல்கஹாலுக்கு மசியாது. அதற்குத்தான் தின்னர் தேவைப்படும். பள்ளிக்கூட மார்க்கருக்கு அந்த அளவுக்குப் போக வேண்டிய அவசியம் அநேகமாக வராது.

இவற்றோடு பழைய வெள்ளைத் துணி, பஞ்சு, முல்தானி மட்டி. சாயத் துணி வேண்டாம், அதன் நிறமும் இளகிக் கறையோடு சேரும்.

கை எப்படிப் போக வேண்டும்

தேய்க்கவே கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் இளகிய மை சுற்றிலும் பரவி, ஒரு கோடு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீல மேகம் நிற்கும். பஞ்சை நனைத்துக் கறையின் மேல் வைத்து, சில நொடி விட்டு, அப்படியே தூக்குங்கள். பஞ்சில் மை ஏறியிருக்கும். அந்தப் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். மை ஏறிய பஞ்சையே திரும்ப வைத்தால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். எப்போதும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வாருங்கள்.

எந்தத் திரவமானாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது கட்டாயம். பஞ்சில் மையில்லாத வேறு நிறம் வந்தால், அது பெயிண்டோ பாலிஷோ கரைந்து வருவது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மே, ஜூன் மாதங்களில் டெல்லிச் சூட்டில் ஆல்கஹால் பஞ்சை விட்டு வெளியே வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. கூலரை நிறுத்திவிட்டு, பஞ்சை அடிக்கடி நனைத்துக்கொண்டே செய்யுங்கள். காலை வேளை இன்னும் நல்லது.

சுவர்: இதில்தான் பொறுமை வேண்டும்

அரசு குவார்ட்டர்ஸ் சுவர்களில் வெவ்வேறு காலத்துப் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒரு அறையில் சுண்ணாம்பு, இன்னொன்றில் டிஸ்டெம்பர், குடியிருந்தவர் தன் காசில் அடித்த எமல்ஷன் கூடத்தில், சமையலறையில் இடுப்பளவுக்கு எனாமல். ஒரே வீட்டில் நான்கு சுவருக்கு நான்கு வைத்தியம்.

உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பாருங்கள். வெள்ளை மாவு கையில் ஒட்டினால் அது சுண்ணாம்போ உலர் டிஸ்டெம்பரோதான். அங்கே எந்தத் திரவமும் வேண்டாம். ஆல்கஹால் மையை இளக்கும், சுவர் அதைக் குடிக்கும், கறை இன்னும் ஆழத்துக்குப் போகும். அந்தப் பூச்சே தண்ணீரில் கரைகிற பூச்சு என்பதால் துடைக்கத் துடைக்கச் சுவரில் பள்ளம் விழும். இந்தச் சுவருக்கு உப்புத்தாள்தான் வழி. இங்கே கடையில் "ரேக்மால்" என்று கேட்க வேண்டும். மிக நைஸானதாக வாங்கி, மை உள்ள இடத்தை மட்டும் மெதுவாகச் சுரண்டி, தூசியை உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள்.

பலரும் அதன் மேல் நேராக வெள்ளையடித்துவிட்டுத் திருப்தியாக இருப்பார்கள். இரண்டு நாளில் யானை மறுபடி எட்டிப் பார்க்கும். ஈரப் பூச்சு காயும்போது சாயம் அதில் ஊறி மேலே வந்துவிடுவதுதான் காரணம். எத்தனை கோட் அடித்தாலும் இதே கதை. சுரண்டிய இடத்தில் எண்ணெய் அடிப்படையிலான பிரைமரை மெல்லிதாக ஒரு கை பூசி, நன்றாகக் காயவிட்டு, பிறகு மேல்பூச்சு அடித்தால் சாயம் அடியிலேயே அடைபட்டுவிடும். அரக்கில் செய்த ஷெல்லாக் பூச்சும் இந்த வேலையைச் செய்யும். வீட்டை ஒப்படைக்கப் போகிறவர்கள் இதை முந்தின நாள் ராத்திரி தொடங்கினால் ஆகாது. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே செய்துவிடுங்கள்.

ஆயில் பவுண்ட் டிஸ்டெம்பர் கொஞ்சம் தாங்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்தோ வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்தோ லேசாகச் சுழற்றி, ஈரத்துணியால் ஒற்றுங்கள். பற்பசையில் மையைக் கரைக்கிற மருந்து எதுவும் இல்லை. அதிலுள்ள நுண்ணிய சுண்ணத் துகள் மேல்படலத்தைச் சுரண்டுகிறது, அவ்வளவுதான். கடைகளில் விற்கும் வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்சும் அப்படித்தான். மிக நைஸான உப்புத்தாளைப் போல வேலை செய்கிறது. பளபளப்பான சுவரில் அழுத்தினால் அந்த இடம் மட்டும் மங்கிப்போய்த் தனியாகத் தெரியும்.

பிளாஸ்டிக் எமல்ஷனில் சானிடைசரைப் பஞ்சில் தொட்டு ஒற்றலாம், ஆனால் நீண்ட நேரம் வைக்கக்கூடாது. அக்ரிலிக் பெயிண்ட் ஆல்கஹாலில் மெல்ல இளகும். எனாமல் சுவர்தான் நான்கில் எளியது. சானிடைசரிலேயே பெரும்பாலும் போய்விடும்.

மொசைக் தரைக்குப் பற்று

பழைய ஆர்.கே.புரம் வீடுகளின் அழகே அந்த மொசைக் தரைதான். சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைப் பதித்து, அரைத்து, மெழுகேற்றிய தரை. ஐம்பது வருஷம் நடந்தும் தேயாமல் நிற்கிறது. ஆனால் அமிலத்தைக் கண்டால் அதற்கு ஆகாது. சலவைக்கல் என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, புளி, வினிகர் மூன்றும் அதை அரிக்கும். கழிப்பறைக்கு ஊற்றுகிற ஆசிட் ஒரு நிமிடத்தில் பொரித்துவிடும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை தரைக்கும் புளியைத் தேடும். தயவுசெய்து வேண்டாம். கறை போகாது, தரைதான் வெளிறும்.

இந்தத் தரையில் மை கொஞ்சம் மேலேயும் கொஞ்சம் துளைகளுக்குள்ளும் இருக்கும். மேலே உள்ளதை ஸ்பிரிட்டால் ஒற்றி எடுங்கள். உள்ளே போனதற்கு, தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போடுவது மாதிரி, பற்றுதான் போட வேண்டும். முல்தானி மட்டியை ஸ்பிரிட் விட்டுத் தோசைமாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, கறையின் மேல் அரை அங்குல கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் உறையை விரித்து ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். ஸ்பிரிட் உள்ளே இறங்கி மையை இளக்கும். மறுநாள் உறையை எடுத்துவிட்டால் மண் காயத் தொடங்கும். காய்கிறபோது திரவம் மேலே ஏறும், அதோடு மையும் ஏறி மண்ணில் தங்கிவிடும். முழுவதும் உலர்ந்த பிறகு மரக்கரண்டியால் பெயர்த்து எடுத்துத் துடையுங்கள். நிறம் குறைந்திருந்தால் அதே முறையைத் திரும்பச் செய்யலாம். சமையலறைக் கடப்பாக்கல், கோட்டாக்கல், சலவைக்கல் மேடைக்கும் இதே பற்றுதான்.

கறை போன இடம் மெழுகு இல்லாமல் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். தரை மெழுகு கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும்.

மர மேஜையும் ஸ்பிரிட் பாலிஷும்

தாத்தா காலத்துத் தேக்கு மேஜை, ஊரிலிருந்து ரயிலில் வந்த கண்ணாடி அலமாரி, பூஜை மண்டபம் இவையெல்லாம் அநேகமாக ஸ்பிரிட் பாலிஷ் போட்டவை. ஸ்பிரிட் பாலிஷ் என்பது அரக்கை ஆல்கஹாலில் கரைத்துப் பூசுவது. மார்க்கர் மை எதில் கரையுமோ அதே ஆல்கஹாலில் இந்தப் பாலிஷும் கரையும். சானிடைசரைக் கொட்டித் துடைத்தால் மையும் போகும், கூடவே பாட்டன் காலத்துப் பளபளப்பும் போய், மரம் வெளுத்து நிற்கும். கொரோனா சமயத்தில் கிருமிக்குப் பயந்து சானிடைசரால் மேஜையைத் துடைத்த எத்தனையோ வீடுகளில் இப்படி வெள்ளைத் திட்டு விழுந்திருக்கிறது.

மேஜையின் அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். பஞ்சு பிசுபிசுத்துப் பழுப்பேறினால் அரக்குப் பாலிஷ். அங்கே டர்பண்டைனை மட்டும் முயற்சி செய்யுங்கள்; அது அரக்கைக் கரைக்காது. அதற்கும் மிஞ்சினால் பற்பசையை விரல் நுனியில் எடுத்து மர ரேகை ஓடுகிற திசையிலேயே லேசாகத் தேய்த்துப் பார்க்கலாம். அப்புறமும் நிழல் தெரிந்தால் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிடுவதே மரத்துக்கு நாம் செய்யும் மரியாதை. சன்மைகா ஒட்டிய மேஜைக்கு இந்தக் கவலை இல்லை. அது கெட்டியான மெலமைன் பிசின். ஸ்பிரிட்டைத் தாராளமாகத் தாங்கும்.

பாத்திரம், பீரோ, பிளாஸ்டிக்

எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் டைல்ஸ்: சானிடைசர், ஒரு துணி, முடிந்தது. கோயில் அன்னதானத்துக்கோ கொலு வெற்றிலைபாக்குக்கோ போன டப்பாவில் பெயர் எழுதியிருந்தாலும் அப்படியே போய்விடும். சாப்பாட்டுப் பாத்திரமானால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள்.

இரும்பு பீரோவுக்கும் ஃபிரிட்ஜின் வெளிக்கதவுக்கும் சானிடைசர் போதும். தின்னர் அங்கே போகக் கூடாது, பெயிண்டை உரித்துவிடும்.

பிளாஸ்டிக்கில்தான் ஆளுக்கு ஆள் குணம் வேறு. சாமானின் அடியில் சின்ன முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். 2, 5 என்றிருந்தால் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன். பக்கெட், மளிகை டப்பா வகை. ஸ்பிரிட்டும் தைலமும் அவற்றை ஒன்றும் செய்யாது. 6 என்றால் பாலிஸ்டைரீன். அசிட்டோனும் தைலமும் அதை உருக்கிவிடும். 7 என்பது பல வகைகளுக்குமான பொது எண், பாலிகார்பனேட்டும் அதில் அடக்கம். அசிட்டோன் பட்டால் மங்கி விரிசல் விடும். ஃபிரிட்ஜின் உள்பக்கம், சுவிட்ச் போர்டு, மிக்ஸியின் உடல் எதிலும் அசிட்டோன் வேண்டாம். சுவிட்ச் போர்டைத் துடைக்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.

ரெக்ஸின் சோபாவைப் பற்றி ஆறுதல் சொல்ல முடியவில்லை. அது மென்மையாக்கிய பிவிசி. சாயம் அந்த மென்மைக்குள் மெல்ல ஊறிவிடும். பட்ட உடனே ஒற்றினால் உண்டு. ஒரு வாரம் ஆனால் நிழல் தங்கத்தான் செய்யும்.

டிவி, லேப்டாப் திரைகளின் மேல் மெல்லிய பூச்சு இருக்கிறது. ஸ்பிரிட், அசிட்டோன் இரண்டுமே அதைக் கெடுக்கக்கூடும். இயந்திரத்தை அணைத்து, ஈரம் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள். அதற்குப் போகாவிட்டால் தயாரிப்பாளரின் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மொட்டைமாடியில் இருக்கும் பக்கெட், தண்ணீர்த் தொட்டி மூடி, பூந்தொட்டி இவற்றில் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். இந்த மைகளில் உள்ள பல சாயங்கள் புற ஊதா ஒளியில் சிதைபவை. டெல்லி வெயில் ஒரு கோடையில் பாதியை வெளுத்துவிடும்.

யூனிஃபார்ம் சட்டையும் குழந்தையின் கையும்

பள்ளிச் சட்டையின் பையில் மூடி கழன்ற மார்க்கர் ஒழுகுவது இங்கே வாராவாரம் எந்த வீட்டிலாவது நடக்கும். சட்டையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, கறையுள்ள முகம் கீழே பார்க்க, மடித்த வெள்ளைத் துணியின் மேல் விரியுங்கள். பின்பக்கத்திலிருந்து ஸ்பிரிட்டை ஒற்றுங்கள். மை வந்த வழியே கீழ்த்துணிக்கு இறங்கும். கீழ்த்துணியை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். பஞ்சில் மை வருவது நின்ற பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். கறை முழுவதும் போகாமல் மரத்தடி இஸ்திரிக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கரிப்பெட்டியின் சூட்டில் பிசின் நூலோடு இன்னும் இறுகிவிடும். பட்டுப் புடவையில் பட்டால் வீட்டில் எதையும் முயல வேண்டாம். உலர் சலவைக்குக் கொடுத்து, இது மார்க்கர் மை என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். என்ன கறை என்று தெரிந்தால்தான் அவர்களால் சரியான கரைப்பானைத் தேர்ந்தெடுக்க முடியும்.

குழந்தையின் கையிலும் கன்னத்திலும் பட்டதற்குத் தேங்காய் எண்ணெயும் சோப்பும் போதும். மிச்சம் நிற்பது சில நாளில் தோல் உதிரும்போது தானே போய்விடும். அசிட்டோனும் தின்னரும் குழந்தையின் தோலைத் தொடவே கூடாது.

அந்தக் குழந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவரில் யானை வரைந்த பிள்ளைக்கு அடி விழுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்காது. அதன் உயரத்துக்கு எட்டுகிற பெரிய வெள்ளைத்தாள் அந்தச் சுவர்தான். கழுவினால் போகிற ஸ்கெட்ச் பேனாவைக் கையில் கொடுங்கள். பழைய காலண்டர் தாளைத் திருப்பி அதன் உயரத்தில் ஒட்டுங்கள். மார்க்கரைப் பெரியவர்கள் பரணில் வையுங்கள். பெட்டிக்குப் பெயர் எழுத மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் மேல் எழுதினால், பிறகு டேப்பை உரித்துவிடலாம். பசை மிஞ்சினால் தைலம் இருக்கிறது.

குளிர்காலத்தில் மிகவும் கவனம்

இந்தப் பதிவிலேயே நீங்கள் மறக்கக் கூடாதது இந்தப் பகுதி. நான் மேலே சொன்ன ஸ்பிரிட், சானிடைசர், தைலம், டர்பண்டைன், அசிட்டோன், தின்னர் எல்லாமே தீப்பிடிப்பவை. அசிட்டோன் மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். டெல்லியின் ஜனவரிக் குளிரும் அதற்கு வெப்பம்தான். ஆல்கஹால், அசிட்டோன் இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழும். நம் வீடுகளில் கம்பிச்சுருள் சிவந்து எரிகிற ரூம் ஹீட்டர் இருப்பதும் தரையில்தான். ஜன்னலையெல்லாம் அடைத்து, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து கறை எடுக்கிற வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள். பூஜை விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு, பால்கனிக் கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். நனைந்த பஞ்சையும் துணியையும் வெளியே காயவிட்டு, ஆவி போன பிறகு குப்பையில் போடுங்கள்.

பாலிஷ் சாமான் கடையில் வாங்குகிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம். ஒரு வாய் குடித்தாலும் கண் பார்வை போகக்கூடும், உயிருக்கும் ஆபத்து. நீலகிரித் தைலமும் சின்னக் குழந்தை விழுங்கினால் விஷம்தான். எதையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிளீச்சிங் திரவத்தை ஸ்பிரிட்டோடும் அசிட்டோனோடும் கழிப்பறை ஆசிட்டோடும் சேர்க்கவே கூடாது. ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஸ்பிரிட்டோடோ அசிட்டோனோடோ சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற நச்சுகள் உண்டாகும். ஒன்று பலிக்காவிட்டால் அந்த இடத்தைத் தண்ணீரால் துடைத்து, உலரவிட்டு, அதன் பிறகே அடுத்ததை எடுங்கள்.

கறை இன்னும் ஒரு நாள் அங்கேயே இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அவசரத்தில் எடுத்த தின்னர் பாட்டில்தான் ஆபத்து. ஆகவே அடுத்த முறை மார்க்கர் கறையைப் பார்த்ததும் ஸ்டீல் நாரையும் பாட்டிலையும் தேடி ஓடாமல், அது பட்ட இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வழவழப்பானதா, உறிஞ்சுவதா, ஆல்கஹாலில் கரைகிற பூச்சா என்று முடிவு செய்யுங்கள். மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சாதுவானதில் தொடங்குங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு உப்புத்தாள், மொசைக்குக் களிமண் பற்று, அரக்குப் பாலிஷுக்கு டர்பண்டைன், மற்ற பெரும்பாலானவற்றுக்குச் சானிடைசர். இதை மட்டும் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள், வீட்டில் எல்லோருக்கும் உதவும்.